கிளம்பும் வாரத்தில் பாஸ்போர்ட் திருடு போனால்

பாஸ்போர்ட் திருடு போய்விட்டது என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது, “புதுசு எத்தனை நாளில் கிடைக்கும்?” என்பதுதான். அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் விசா எதில் இருக்கிறது? பாஸ்போர்ட்டின் பக்கத்தில் ஒட்டிய விசாவாக இருந்தால் பாஸ்போர்ட்டோடு அதுவும் போய்விட்டது. இணையத்தில் வாங்கிய விசாவாக இருந்தால் அதில் பழைய பாஸ்போர்ட் எண் இருக்கிறது. புதுப் பாஸ்போர்ட்டுக்குப் புது எண்தான் தருவார்கள். ஆகவே பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே விமானம் ஏறிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். எந்தத் தேதியில் கிளம்ப முடியும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் விசாதான். இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர்களுக்கு இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் என்று ஒரு தாள் கொடுக்கும். அது இந்தியாவுக்குத் திரும்பி வருவதற்கு மட்டும்தான். இங்கிருந்து வெளிநாடு போவதற்கு அப்படி ஒரு குறுக்கு வழி கிடையாது. “ஒரே நாளில் எமர்ஜென்சி பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன்” என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பதற்றத்தில் இருப்பவரிடம்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

தேடுவதற்கு ஒரு கெடு

பை காணவில்லை என்றால் தேடத்தான் வேண்டும். கிளாம்பாக்கத்தில் இறங்கிய ஆம்னி பஸ்ஸின் அலுவலகம், ஆட்டோ ஓட்டுநர், சாப்பிட்ட ஓட்டல், ஜெராக்ஸ் எடுத்த கடை என்று ஒரு சுற்று கேட்டு வாருங்கள். ஜெராக்ஸ் கடையில் மெஷினின் மூடிக்கு அடியிலேயே பாஸ்போர்ட் கிடந்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் தேடுவதற்கு ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு இரண்டு வாரத்துக்கும் குறைவாக இருந்தால் அரை நாள் போதும். பை பறிபோனதை நீங்களே பார்த்திருந்தாலோ, பூட்டை உடைத்து எடுத்திருந்தாலோ தேடுவதற்கே வேலையில்லை, நேராகக் காவல் நிலையம்தான்.

கெடு முக்கியம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பாஸ்போர்ட் திருடு போனதாக நீங்கள் முறைப்படி தெரிவித்ததும் அது ரத்தாகிவிடும். ரத்தான எண் இன்டர்போலின் தரவுத்தளம் வரை போகும். தொலைந்த, திருடுபோன பயண ஆவணங்களுக்கென்றே 2002-லிருந்து இன்டர்போல் அதை வைத்திருக்கிறது, பல நாடுகளின் குடியேற்ற அதிகாரிகள் அதைப் பார்க்கிறார்கள். பிறகு பழையது கிடைத்தாலும் அதை வைத்துப் பயணம் போக முடியாது. அதனால் தேடும் வேலையைத் தெரிவிப்பதற்கு முன் முடித்துவிட வேண்டும், தெரிவித்த பின் பழையதை மறந்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நான்கைந்து நாள் ஊசலாடுகிறவர்கள்தான் பயணத்தையே இழக்கிறார்கள்.

பையோடு கைபேசியும் வங்கி அட்டைகளும் போயிருந்தால் அவைதான் முதலில். வங்கிக்குச் சொல்லி அட்டைகளை முடக்குங்கள், சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். அதே எண்ணில் புது சிம்மை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பம், விசா, டிக்கெட் எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.

காவல் நிலையத்தில்

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கான அறிக்கை ஒன்றை வீட்டிலிருந்தே பதிவு செய்து அச்செடுக்கலாம். பாஸ்போர்ட்டும் அதில் சேர்த்தி. எங்கே விழுந்தது என்றே தெரியாமல் காணாமல் போனதற்கு அது சரி. திருட்டுக்கு அது பொருந்தாது. திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். வேண்டும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். புகார் எழுதும்போது நிலையத்தில், “திருட்டுன்னு எழுதினா கேஸ் ஆகிடும், இழுக்கும். தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க, உடனே முடிஞ்சிடும்” என்று சொல்லக்கூடும். அவசரத்தில் இருப்பவருக்கு அது உதவி மாதிரியே தெரியும். ஒப்புக்கொள்ளாதீர்கள். இதே சம்பவத்தைப் பற்றி நீங்கள் பாஸ்போர்ட் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், தூதரகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், காப்பீடு இருந்தால் அங்கேயும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓரிடத்தில் தொலைந்தது, இன்னோரிடத்தில் திருடு போனது என்று இருந்தால் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும். 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம், தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்துப் பாஸ்போர்ட் வாங்குவதைக் குற்றமாகத்தான் வைத்திருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. நடந்தது எதுவோ அதையே எல்லா இடத்திலும் சொல்லுங்கள்.

“இது எங்க எல்லைக்குள்ள வராது” என்பது அடுத்த பதில். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். அதே பிரிவு, எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்குக் கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பதிவு செய்யவே மறுத்தால் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். குரலை உயர்த்தத் தேவையில்லை. “சார், ஜீரோ எஃப்.ஐ.ஆர்.ஆ போட்டுக் குடுத்தாலும் போதும் சார், பாஸ்போர்ட் ஆபீசுல கேப்பாங்க” என்று அமைதியாகச் சொன்னாலே, சட்டம் தெரிந்தவர் என்று புரிந்துகொள்வார்கள். ரயிலில் திருடு போயிருந்தால் 139-க்குச் சொல்லுங்கள், அல்லது ரயில்வே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஓடும் ரயிலில் டிக்கெட் பரிசோதகரிடமும் புகார்ப் படிவம் இருக்கும்.

புகாரை வீட்டிலேயே எழுதி, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போவது நல்லது. பெயர், தகப்பனார் பெயர், முகவரி, கைபேசி எண் ஆகியவற்றுக்குக் கீழே இப்படி எழுதலாம்:

“கடந்த … தேதி மாலை சுமார் … மணிக்கு நான் … பேருந்து நிலையத்தில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, அருகில் வைத்திருந்த என்னுடைய கறுப்பு நிறத் தோள்பை திருடு போய்விட்டது. அதில் என் பெயரிலுள்ள இந்தியப் பாஸ்போர்ட் எண் …, வழங்கிய நாள் …, வழங்கிய இடம் …, அதில் ஒட்டப்பட்டிருந்த … நாட்டு விசா எண் … ஆகியவை இருந்தன. அக்கம்பக்கத்தில் தேடியும் விசாரித்தும் கிடைக்கவில்லை. இது குறித்து வழக்குப் பதிவு செய்து, பாஸ்போர்ட்டைக் கண்டுபிடித்துத் தரும்படியும், முதல் தகவல் அறிக்கையின் நகலை வழங்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.”

அதில் விசாவைக் குறிப்பிட மறந்துவிடாதீர்கள். விசாவும் திருடு போனது என்று தூதரகத்துக்குக் காட்ட அந்த ஒரு வரிதான் ஆதாரம். குடும்பத்தோடு போவதாக இருந்து எல்லோருடைய பாஸ்போர்ட்டும் ஒரே பையில் போயிருந்தால், எல்லா எண்களையும் ஒரே புகாரில் எழுதிவிடலாம். விண்ணப்பம் மட்டும் ஆளுக்கு ஒன்று.

எஃப்.ஐ.ஆரில் கையெழுத்துப் போடுமுன் பாஸ்போர்ட் எண்ணை விரல் வைத்துப் படியுங்கள். முதலில் ஒரே ஒரு ஆங்கில எழுத்து, அதன் பிறகு ஏழு இலக்கங்கள். ஒரு இலக்கம் தவறி, கையெழுத்தும் போட்டுவிட்டால் திருத்தம் வாங்க மறுபடி நிலையத்துக்கு நடக்க வேண்டும், உங்களுக்கு அந்த நாள் கிடையாது. பெயரின் எழுத்துகளும் பாஸ்போர்ட்டில் இருந்தபடியே இருக்க வேண்டும். இனிஷியலை விரித்து எழுதியிருந்தீர்களா, தகப்பனார் பெயர் கடைசிப் பெயராக இருந்ததா என்று பாருங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால், எஃப்.ஐ.ஆர். எப்போது தருவார்கள் என்று ரைட்டரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள், மறுநாளும் போய் நில்லுங்கள். எஃப்.ஐ.ஆர். தமிழில் இருந்தால் தூதரகத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும், அதையும் அன்றே செய்யக் கொடுத்துவிடலாம்.

பாஸ்போர்ட் எண் நினைவில் இல்லையா? டிக்கெட் எடுத்த மின்னஞ்சல், விசா விண்ணப்பம், அந்நியச் செலாவணி வாங்கிய இடம், டிராவல் ஏஜென்ட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் இருக்கும். பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் முன்பு உங்கள் பெயரில் கணக்கு வைத்து விண்ணப்பித்திருந்தால் அதற்குள்ளும் பாருங்கள்.

விண்ணப்பம்

இப்போது ‘டூப்ளிகேட்’ பாஸ்போர்ட் என்று ஒன்று இல்லை. நீங்கள் கேட்பது மறுவழங்கல். அதற்கான காரணமாகப் பாஸ்போர்ட் தொலைந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும், திருட்டும் அதே தலைப்பில்தான் வருகிறது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 3,000 ரூபாய், 60 பக்கத்துக்கு 3,500 ரூபாய். சாதாரண மறுவழங்கலின் 1,500, 2,000 ரூபாயை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். விரைவாகத் தரும் தட்கால் முறை என்றால் மேலும் 2,000. வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளம் ஒன்றுதான், முகவரியில் அரசுக்குரிய ‘ஜிஓவி.இன்’ இருக்கிறதா என்று பாருங்கள். அதே தோற்றத்தில் போலித் தளங்கள் பணம் வசூலிக்கின்றன. சந்தேகம் இருந்தால் 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.

தட்காலைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். முன்கூட்டியே போலீஸ் விசாரணை தேவைப்படாத தட்கால் விண்ணப்பத்தில், விண்ணப்பித்த நாளை விட்டு மூன்றாவது வேலை நாளுக்குள் பாஸ்போர்ட்டை அனுப்ப வேண்டும் என்பது அரசு வைத்திருக்கும் கெடு. ஆனால் தட்காலில் கொடுப்பதா வேண்டாமா என்பது மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் முடிவு. பாஸ்போர்ட் காணாமல் போனவர் விஷயத்தில் அவர்கள் சற்று நின்று பார்க்கத்தான் செய்வார்கள். அந்தப் பாஸ்போர்ட் வேறு ஒருவர் கையில் இருக்கிறது அல்லவா? ஆகவே பணம் கட்டிவிட்டோம், மூன்று நாளில் வந்துவிடும் என்று அந்த மூன்று நாளின் மேல் விசா நேர்காணலை நிச்சயித்துவிடாதீர்கள்.

எடுத்துப்போக வேண்டியவற்றில் எஃப்.ஐ.ஆரின் மூலப் பிரதியும் ‘இணைப்பு எஃப்’ என்ற உறுதிமொழியும்தான் புதியவை. பாஸ்போர்ட் எங்கே, எப்படிப் போனது, புகார் எண் என்ன, இதற்கு முன் எப்போதாவது தொலைத்திருக்கிறீர்களா என்பதையெல்லாம் அந்த உறுதிமொழியில் எழுதுவீர்கள். வெள்ளைத் தாள் போதும், நோட்டரி தேவையில்லை. நோட்டரியைத் தேடி ஒரு காலைப்பொழுதைக் கழித்துவிடாதீர்கள். முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று வழக்கம்போல. பழைய பாஸ்போர்ட்டின் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகல் இருந்தால் வேலை பாதி முடிந்தது. அரசு ஊழியர்கள் அலுவலகத்துக்குத் தெரிவித்த கடிதத்தையோ தடையின்மைச் சான்றையோ மறக்க வேண்டாம்.

2018 ஜூனிலிருந்து நாட்டின் எந்தப் பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலும் விண்ணப்பிக்கலாம். சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் மூன்றிலும் உங்களுக்குத் தோதான நாள் இல்லையென்றால் திருச்சி, மதுரை, கோவை என்று பாருங்கள். போலீஸ் விசாரணை நீங்கள் கொடுத்த முகவரிக்குத்தான் வரும், பாஸ்போர்ட்டும் ஸ்பீடு போஸ்ட்டில் அங்கேதான் வரும். எனவே உண்மையிலேயே இப்போது குடியிருக்கும் முகவரியைக் கொடுங்கள், வீட்டிலும் இருங்கள். அஞ்சலகச் சேவை மையம் வீட்டுக்கு அருகில் இருந்தாலும், இந்த நிலைமையில் முழு அளவிலான சேவா கேந்திராவுக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து. பாஸ்போர்ட்டை அனுமதிக்கும் அதிகாரி அங்கேயே ‘சி’ கவுன்டரில் இருப்பார், அவர் கேட்பதற்கு நேரில் பதில் சொல்லலாம்.

‘ஏ’ கவுன்டரில் போட்டோவும் கைரேகையும் எடுப்பார்கள், ‘பி’யில் ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள். உங்கள் அவசரத்தை ‘ஏ’ கவுன்டர் ஊழியரிடம் விளக்கிப் பயனில்லை. ‘சி’யில் உட்கார்ந்ததும் டிக்கெட், விசாவின் நகல், கல்லூரியின் அனுமதிக் கடிதம் அல்லது வேலை ஒப்பந்தம் என்று வரிசையாக எடுத்து வையுங்கள். நடந்ததை ஐந்து வரியில் சொல்லுங்கள். வெளியே வருமுன் கையில் கொடுக்கும் ஒப்புகைச் சீட்டைப் படியுங்கள். அனுமதிக்கப்பட்டதா, போலீஸ் அறிக்கைக்காக நிற்கிறதா, மண்டல அலுவலகத்துக்குப் போகிறதா என்று அதில் இருக்கும். மண்டல அலுவலகத்துக்குப் போகிறது என்றால் வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் நிலவரம் பார்த்துக்கொண்டிராதீர்கள். விசாரணைக்கு நேரம் பதிவு செய்து நேரில் போங்கள். சென்னைக்காரர்களுக்கு அது அண்ணா சாலை ராயலா டவர்ஸ்.

விசாவும் டிக்கெட்டும்

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்த அன்றே, அது வரும்வரை காத்திராமல், விசா கொடுத்த தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இதைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள்.

அமெரிக்க விசா என்றால் திருடு போனதை விசா வழங்கிய துணைத் தூதரகத்துக்குத் தெரிவித்துவிட்டு, புதுப் பாஸ்போர்ட் எண்ணோடு மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம், நேர்காணல் தேதி எல்லாம் புதிதாகத்தான். படிப்புக்குப் போகிறவர்கள் வகுப்பு தொடங்கும் தேதியைக் காட்டி அவசர நேர்காணல் கேட்கலாம். அதோடு பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் எழுதிவிடுங்கள். எத்தனை நாள் தாமதமாக வந்து சேரலாம் என்று அவர்கள்தான் சொல்வார்கள், அந்தக் கடிதம் நேர்காணல் கேட்கவும் உதவும். ஷெங்கன் விசாவும் புது விண்ணப்பம்தான், அதன் வழக்கமான கெடு பதினைந்து நாள். கனடாவும் அப்படியே மறுபடி விண்ணப்பம்.

ஆஸ்திரேலியா வேறு மாதிரி. விசா அவர்களுடைய கணினியில் இருக்கிறது, புதுப் பாஸ்போர்ட் எண்ணைத் தெரிவித்து இணைத்துவிட்டால் போதும். பிரிட்டனின் இ-விசா வைத்திருப்பவர்களும் தங்கள் இணையக் கணக்கில் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். சிங்கப்பூர் போகிறவர்கள் விசா வாங்கிக் கொடுத்த முகவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், பழைய எண் அச்சான தாளோடு மீனம்பாக்கம் போய் நிற்கக் கூடாது. இலங்கையின் இ.டி.ஏ. அனுமதிக்கும் இதே எச்சரிக்கைதான். மலேசியாவும் தாய்லாந்தும் கேட்கும் டிஜிட்டல் வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளில்தான் நிரப்ப முடியும், அதைப் புது எண் வந்த பிறகே நிரப்பிக்கொள்ளலாம்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் ஒரு படி உண்டு, அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். குடியேற்ற அனுமதி தேவை என்று குறிக்கும் இ.சி.ஆர். முத்திரை உள்ள பாஸ்போர்ட் என்றால் அறிவிக்கப்பட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வாங்கியிருப்பீர்கள். அந்த அனுமதியும் பழைய எண்ணில்தான் இருக்கிறது. விசாவை மட்டும் மாற்றிக்கொண்டு விமான நிலையம் போனால் குடியேற்றக் கவுன்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏஜென்ட் “நான் பார்த்துக்கிறேன்” என்று சொன்னால் மட்டும் போதாது. இ-மைக்ரேட் தளத்தில் புதுப் பாஸ்போர்ட் எண்ணோடு அனுமதி ஏறிவிட்டதா என்று அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். முதலாளிக்கும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கடன் வாங்கிக் கட்டிய பணம் அதில் இருக்கிறது, வேலையில் சேரும் தேதி தள்ளிப்போனதற்கு உங்கள் கையில் ஆதாரம் வேண்டும்.

டிக்கெட்டைப் பற்றிப் பதற வேண்டாம். அது உங்கள் பெயரில் இருக்கிறது, பாஸ்போர்ட் எண்ணை விமான நிறுவனத்தின் தளத்திலோ கவுன்டரிலோ மாற்றிக்கொள்ளலாம். பெயரின் எழுத்துகள் மட்டும் புதுப் பாஸ்போர்ட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். இந்த அவசரத்தில் பெயர்த் திருத்தத்தையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று ஆசைப்படாதீர்கள்.

ஒட்டும் விசா தேவைப்படும் நாட்டுக்கு மூன்று வாரத்துக்குள் டிக்கெட் இருந்தால், தேதியை இன்றைக்கே மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கடைசி நாள் வரை நம்பிக்கையோடு இருந்துவிட்டு விமானத்துக்குப் போகாமல் விட்டால், ‘நோ ஷோ’ என்று பதிந்து, திரும்பி வரும் டிக்கெட்டும் பெரும்பாலும் சேர்ந்து ரத்தாகும். முன்கூட்டி மாற்றினால் கட்டணத்தோடு போய்விடும். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் பாலிசியைத் திறந்து, பாஸ்போர்ட் இழப்பு வெளிநாட்டில் நடந்தால் மட்டும்தானா, கிளம்புமுன் நடந்தாலும் உண்டா என்று பாருங்கள். எஃப்.ஐ.ஆர். நகலும் எல்லா ரசீதுகளும் அதற்கு வேண்டியிருக்கும்.

பழையது திரும்பி வந்தால்

பணத்தை எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட்டைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போகும் திருடர்கள் உண்டு. யாராவது கண்டெடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதும் உண்டு. சில சமயம் புதுப் பாஸ்போர்ட் வருவதற்குள் பழையது, விசாவோடு, கசங்காமல் கைக்கு வந்துவிடும். பயண நாளும் நெருங்கியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்ற எண்ணம் யாருக்கும் வரும். ரத்தான பாஸ்போர்ட்டில் சென்னையிலேயே நிறுத்திவிட்டால் அது நல்ல காலம். தப்பித்துப் போய் வேறு நாட்டுக் குடியேற்றக் கவுன்டரில் திருட்டு ஆவணம் என்று கணினி காட்டினால், அங்கே உங்களுக்காகப் பேச யாரும் இருக்க மாட்டார்கள். திருடு போனதாகத் தெரிவித்த அமெரிக்க விசாவும் அப்படித்தான், கண்டுபிடித்தாலும் செல்லாது. பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து என்பது அதே 1967 சட்டத்தில் இருக்கிறது. கிடைத்த பாஸ்போர்ட்டை ஒரு கடிதத்தோடு மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒப்படைத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்ட காவல் நிலையத்துக்கும் அதன் நகலைக் கொடுத்துவிடுங்கள்.